உபயகாரர் கிடைக்காத கட்டடம்

பெப்ரவரி 4, ஞாயிறு

துஷி இந்தக் கொப்பியைக் கொண்டுவந்து தந்தாள். மனதில் இருப்பதை எழுதினால் பாரம் குறையுமாம். அவளுடைய வேலைத்தலத்தில் யாரோ சொன்னார்களாம். என் மனதில் இருப்பது இதுதான்: சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, குப்பை எடுக்கிற நாளைக் கவுன்சில் மாற்றிவிட்டது, நேற்று என்னைப் பிடித்துச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். மகளே, கொப்பியை விட்டுவிட்டு ஒரு குழாய்க்காரனைப் பிடித்துத் தந்திருந்தால் ஒரு பாரமாவது குறைந்திருக்கும்.

செயலாளர் என்றதும் பெரிதாக எண்ணவேண்டாம். கருவேலங்குளம் மக்கள் உதவிச் சங்கம், ஹரோ, லண்டன். கூட்டத்துக்கு வருகிறவர்கள் பத்துப் பேர். அதில் ஆறு பேர் நான் பொரிக்கிற றோல்சுக்காக வருகிறவர்கள். கருவேலங்குளம் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். என் மனிசன் குலவீரசிங்கம் இளந்தாரியாக இருந்தபோது அங்கே தபாலதிபர். யுத்தம் முடிந்தபிறகு அங்கே கூரையோடு ஒரு வீடும் மிச்சமில்லை என்று கேள்விப்பட்டு, நாலு பேரைச் சேர்த்து இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். சாகும்வரை தலைவராக இருந்தார். போன ஜூலையில் போய்ச்சேர்ந்தார். அவருடைய இடம் வெறுமையாக இருக்கக்கூடாது என்று உப தலைவர் சோமாஸ்கந்தர், எங்கள் சோமண்ணை, கண்கலங்கப் பேசினார். பேசிவிட்டுத் தலைவர் பதவியைத் தான் எடுத்துக்கொண்டு, வேலையை எனக்குத் தந்தார்.

சங்கம் நடக்கிற முறை கோயில் திருவிழா மாதிரித்தான். முதலாம் திருவிழா இன்னார் உபயம், இரண்டாம் திருவிழா இன்னார் உபயம் என்று இருக்கிறதல்லவா, அதே முறை. கிணறு இன்னார் உபயம், நூலகம் இன்னார் உபயம். காசு தருகிறவர் உபயகாரர். அவர் தன் செத்துப்போன தாயையோ தகப்பனையோ கல்லில் பொறித்து, படமும் ஒட்டி, 'அமரர் இன்னார் ஞாபகார்த்தமாக' என்று போட்டுவிடுவார். பள்ளிக்கூடத்தில் ஒரு வாங்குப் பலகையில் இருந்தாலும் யாருடைய அம்மாவின் மேலாவது இருக்கவேண்டும். ஊரில் இன்னும் பெயர் போடாமல் கிடப்பது குளமும் குரங்குகளும்தான்.

பெப்ரவரி 7, புதன்

கவுன்சில்காரி திரும்பவும் அழைத்தாள். இவருக்காகக் கடன் தந்த கதிரையையும் குளியலறைச் சாமான்களையும் எடுத்துப்போக எந்த நாள் வசதி என்று கேட்டாள். இந்தக் கிழமை வசதியில்லை என்றேன். போன மாதமும் அப்படித்தான் சொன்னீர்கள் என்றாள். வேறு வேலை இல்லைப் போல.

இவர் கடைசியில் கிடந்த கீழ் அறைக் கதவு பூட்டியே கிடக்கிறது. குளிர் உள்ளே வராமல் இருக்கத்தான்.

பெப்ரவரி 18, ஞாயிறு

இன்று கருவேலங்குளம் பாடசாலை அதிபர் ஜெயகௌரி ரீச்சரோடு வட்ஸ்அப்பில் கதைத்தேன். நாற்பது வயது இருக்கும். பேச்சுக்குப் பேச்சு 'அன்ரி' என்பார். ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்காமல் வைக்கமாட்டார்.

அவருக்கு வேண்டியது பெண்பிள்ளைகளுக்கு ஒரு மலசலகூடம். இருந்ததன் குழி போன மாரியில் இடிந்துவிட்டது. கதவுகள் அதற்கு முதலே போய்விட்டன. ஆண்பிள்ளைகள் பற்றைக்குள் போகிறார்கள். பெண்பிள்ளைகள் காலையில் வீட்டில் போனால் பிறகு பின்னேரம் வீட்டுக்குப் போய்த்தான். நடுவில் அந்தரம் வந்துவிடும் என்று பயந்து தண்ணீரே குடிப்பதில்லையாம். பெரிய பிள்ளைகள் மாதத்தில் அந்த நாட்களுக்கு வருவதில்லை. பத்தாம் வகுப்பில் மூன்று பேர் ஒரேயடியாக நின்றுவிட்டார்கள்.

"தண்ணி குடியுங்கோ பிள்ளையள் எண்டா, பேந்து எங்க ரீச்சர் போறது எண்டு என்னைத் திருப்பிக் கேக்குதுகள் அன்ரி" என்றார்.

மூன்று வருசமாகக் கேட்கிறாராம். எனக்கும் தெரியும். வருசா வருசம் கூட்ட நிகழ்ச்சி நிரலில் 'மலசலகூடம்' என்று இருக்கும். உபயகாரர் யார் என்று கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். பிறகு ஒரு மேடையோ கொடிக்கம்பமோ கட்டுவார்கள். அதற்கு உடனே அம்மாக்கள் கிடைத்துவிடுவார்கள். என் மனிசனும் ஒன்றும் திறமில்லை. பொறு பவளம், ஆரும் அகப்படுவினம் என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருசத்தைக் கடத்தினார். அமரரைக் குறை சொல்லக்கூடாதாம். நான் சொல்லுவேன். நாற்பது வருசம் உயிரோடு சொன்னதைச் செத்ததற்காக நிறுத்தமுடியாது.

மார்ச் 2, சனி

உபயகாரர் தேடும் படலம்.

வெம்பிளி நகைக்கடைக்காரர் நான் சொன்னதைக் கண்மூடிக் கேட்டார். பெரிய புண்ணியம் அக்கா என்றார். பிறகு, அம்மாவின் பெயரில் அதற்குப் பதிலாக ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் கட்டலாமா என்று கேட்டார்.

பின்னரில் இருக்கும் பல் டொக்டர், தன் தகப்பன் ஆசாரமான மனிதர், கோயிலுக்குப் போகிற நாளில் வீட்டுக் கக்கூசுப் பக்கமே திரும்பமாட்டார் என்றார். அப்படியானால் அவர் எங்கே போனார் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒருத்தி மட்டும் சட்டென்று சம்மதித்தாள். மாமியாரின் பெயரைப் போடலாம் என்றாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மாமியார் உயிரோடு மேல்மாடியில் இருக்கிறா என்பது பிறகுதான் தெரிந்தது.

மார்ச் 10, ஞாயிறு

மழை. மணிக்கூட்டுக் கோபுரக்காரர் திரும்பப் போன் எடுத்தார். அங்கே எல்லோரிடமும் போன் இருக்கிறது, போனில் மணி இருக்கிறது என்றேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

மார்ச் 17, ஞாயிறு

கனடாவிலிருந்து ஞானம் எடுத்தார். ஞானவீரசிங்கம், இவருடைய ஒரே தம்பி. ஸ்காபரோவில் வீடு விற்றுக் கொடுக்கிற தொழில். சங்கத்தின் ரொறன்ரோக் கிளையும் அவரே, பெரிய காசு அங்கிருந்துதான் வரும். ஆகையால் சோமண்ணைக்கு அவரைக் கண்டால் நடுக்கம்.

ஜூலையில் இவருடைய முதல் வருச ஆட்டைத் திவசம் வருகிறதல்லவா, அதை முன்னிட்டு ஞானம் ஒரு திட்டம் வைத்திருக்கிறார். பாடசாலை வாசலில் ஒரு வளைவு. இரண்டு பக்கமும் தூண், உச்சியில் இரண்டு சிங்கம், நடுவில் அண்ணையின் தலை. ஆளை வைத்து வரைந்த படமும் அனுப்பியிருந்தார். பார்த்தேன். தலை இவரைப் போல இல்லை, பக்கத்துச் சிங்கத்துக்குத்தான் கொஞ்சம் இவருடைய சாயல் இருந்தது.

வடிவாக இருக்கிறது, ஆனால் அந்தப் பாடசாலைக்கு மதிலே இல்லையே, பிள்ளைகள் நாலு பக்கத்தாலும் வருகிறார்களே என்றேன். வளைவு வந்தால் மதில் தானாக வரும் என்றார். இருக்கிற கக்கூசு இடிந்து கிடக்கிறது என்றும் சொன்னேன். அதை அரசாங்கம் பார்க்கும் அண்ணி, நாங்கள் அண்ணையின் மரியாதையைப் பார்ப்போம் என்று முடித்துவிட்டார்.

அவருக்கு அண்ணையில் உயிர். அது பொய்யில்லை. தகப்பன் இல்லாத பிள்ளையை இவர்தான் படிப்பித்துக் கனடாவுக்கு அனுப்பினார். அதனால்தான் அவரோடு சண்டை பிடிக்கவும் கஷ்டமாக இருக்கிறது.

மார்ச் 24, ஞாயிறு

பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம், சும்மா கட்டுவோம், நான் என் காசைத் தருகிறேன் என்று ஜெயகௌரி ரீச்சரிடம் சொன்னேன். கும்பிடுவார் என்று நினைத்தேன். அவர் தயங்கினார்.

இடிந்துபோன கக்கூசைக் கட்டினது ஒரு பெரிய நிறுவனம். பெயர் போட்ட தகரப் பலகை முதல் காற்றிலேயே பறந்துவிட்டது. அதற்குப் பிறகு அது ஒருவருடையதும் இல்லை என்றாகிவிட்டதாம். கதவைக் கழற்றிக்கொண்டு போனபோதும் ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் கிணற்றடியை வாராவாரம் கூட்டுகிறார்கள். கிணற்றில் பெயர் போட்ட பொன்னம்மா ஆச்சியின் பேரப்பிள்ளைகள் எந்த நேரத்திலும் லண்டனிலிருந்து வந்து இறங்கிப் படம் எடுப்பார்கள் என்ற பயம்.

"பேரில்லாததை எங்கட சனம் பார்க்காது அன்ரி. ஆற்றையோ பேர் இருந்தாத்தான் அது ஆற்றையோ பொருள்."

நல்ல கதை. பெயர் போடாமல் கட்டினால் நிற்காது, பெயர் போடுவதற்கு ஒரு பிணமும் கிடைக்காது.

பின்னேரம் சுவரில் இருந்த இவருடைய படத்தைத் துடைத்தேன். கழுத்துப்பட்டி கட்டி, தலைவர் எடுப்போடு நிற்கிற படம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் பார்த்தார். உடனே துஷிக்கு எடுத்து, மனதில் பட்ட யோசனையைச் சொன்னேன். அம்மா, சித்தப்பா உங்களைக் கொல்லப்போகிறார் என்றாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

சூம் கூட்டம். பெட்டிக்குள் பெட்டியாகப் பதினொரு முகம். நான் சொன்னேன்: ஆட்டைத் திவசத்துக்கு வளைவு வேண்டாம். பெண்பிள்ளைகளுக்கு நாலு கதவுள்ள மலசலகூடம் கட்டுவோம். அமரர் குலவீரசிங்கம் ஞாபகார்த்தமாக என்று முன்சுவரில் பெரிதாகப் போடுவோம்.

சோமண்ணை தன் மைக்கை மூடிவிட்டார். கஷ்டம் வந்தால் அவர் செய்கிற முதல் வேலை அது. பல் டொக்டர் கமராவையும் மூடினார்.

ஞானத்தின் முகம் சிவந்துபோயிற்று. "அண்ணேன்ர பேரைக் கொண்டுபோய்க் கக்கூசில போடுறதோ? என்ன கதைக்கிறியள் அண்ணி? நாளைக்குச் சனம் அவற்ற பேருக்கு முன்னால குந்தி இருக்கும். அவர் எப்பிடி வாழ்ந்த மனிசன்."

நான் சண்டை பிடிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். எப்படி வாழ்ந்த மனிசன் என்று கேட்டதும் என் வாய் என் சொல் கேட்கவில்லை.

"எப்பிடி வாழ்ந்தவர் எண்டு எனக்குத் தெரியும் ஞானம். எப்பிடிச் செத்தவர் எண்டு உங்களுக்குத் தெரியாது. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபிறகு உங்கட அண்ணை என்னட்டக் கேட்டது ஒண்டே ஒண்டுதான், கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போ எண்டு. நான்தான் தாங்கிக்கொண்டுபோய் இருத்தினனான். நான்தான் கழுவினனான். ஒவ்வொரு தரமும் கதவைச் சாத்து பவளம் எண்டுவார். வீட்டில எங்கள் ரெண்டு பேரையும் தவிர ஒரு குருவி இல்லை. எண்டாலும் சாத்தச் சொல்லுவார். சாத்தினாத்தான் அவருக்கு அவர் மனிசன். அந்தப் பிள்ளையளுக்குச் சாத்துறதுக்கு ஒரு கதவு இல்லை."

ஞானம் பெட்டியை விட்டுப் போய்விட்டார். அவர் இருந்த இடம் கறுப்பாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சோமண்ணை மைக்கைத் திறந்து, கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்றார்.

ஏப்ரல் 8, திங்கள்

என்ர இந்தக் கோலத்தை ஞானத்துக்கு மட்டும் சொல்லிப்போடாதே பவளம், அவன் தாங்கமாட்டான் என்று இவர் கேட்டவர். சொல்லமாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன். பதினொரு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். இன்றைக்கு எழும்பவே மனமில்லை.

ஏப்ரல் 10, புதன்

நானே கவுன்சிலுக்கு எடுத்தேன். மத்தியானம் இரண்டு பெடியன்கள் வந்தார்கள். கதிரை, கைப்பிடிகள், உயர்த்தி வைக்கிற இருக்கை எல்லாம் வண்டியில் ஏற்றினார்கள். கீழ் அறையைத் திறந்து கூட்டினேன். அந்தக் கக்கூசுக் கதிரையில் வெகு நேரம் இருத்தி வைத்துத்தான் ஒருநாள், தபாலதிபர் ஐயா, தபால் இன்னும் வந்து சேரவில்லையோ என்று நான் கேட்க, மனிசன் கோணின வாயோடு சிரித்துச் சிரித்து விழப் பார்த்தார். பிறகு அழுதார். நானும்தான்.

ஏப்ரல் 20, சனி

சோமண்ணை வந்தார். கையில் ஒரு பொதி வடை. பிழை செய்தவர்கள்தான் வடையோடு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார், தனக்குப் புறஸ்டேற் வருத்தம் தொடங்கி இரண்டு வருசமாம். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது கக்கூசு எங்கே என்றுதானாம். அன்று கூட்டத்தில் மைக்கை மூடினதும் அதற்காகத்தானாம். போய்விட்டு வந்து பார்த்தால் ஞானத்தைக் காணவில்லையாம்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். உங்கள் பக்கம் என் வாக்கு என்றார். பல் டொக்டரும் சம்மதமாம், ஆனால் தன் பெயரை வெளியில் சொல்லவேண்டாமாம். றோல்ஸ் கட்சி முழுதாக என் பக்கம். ரொறன்ரோவின் டொலர் வராது, வராவிட்டால் போகட்டும். இவருடைய காப்புறுதியில் வந்தது என் கையில்தான் இருக்கிறது.

ஞானத்துக்கு இரண்டு தரம் எடுத்தேன். எடுக்கவில்லை.

மே 19, ஞாயிறு

குழி வெட்டப் பாறை வந்துவிட்டது. பாறை உடைக்கிற இயந்திரம் பக்கத்து ஊரில் பழுதாகிக் கிடக்கிறது. திருத்துகிறவர் கலியாண வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு கக்கூசு கட்ட இவ்வளவு சோலியா என்று ஜெயகௌரி ரீச்சரிடம் கேட்டேன். வளைவுக்கு இவ்வளவு ஆழம் தோண்டத் தேவையில்லை அன்ரி என்றார். குசும்பு பிடித்த மனிசி.

இவருக்குக் கண்ணாடிக் கடைக்காரர்கள் இன்னும் கடதாசி போடுகிறார்கள். கண் பரிசோதனைக்கு வரட்டாம்.

ஜூன் 15, சனி

கல் வந்துவிட்டது, படம் அனுப்பினார்கள். சந்தியில் கல் வெட்டுகிறவர் இதுவரை மடங்களுக்கும் அன்னதான மண்டபங்களுக்கும்தான் வெட்டிப் பழக்கம். இவருடைய படம், பெயர், பிறப்பு, இறப்பு எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, கை பழகின பழக்கத்தில் கீழே ஒரு வரியும் சேர்த்துவிட்டார்: 'வருவோர் யாவரும் மனநிறைவோடு செல்க.'

ரீச்சர் அழாத குறை. அழித்துத் தரச் சொல்லவா என்று கேட்டார். நான் போனைக் கீழே வைத்துவிட்டு வயிறு நோகச் சிரித்தேன். எடுத்து, ஒரு எழுத்தும் அழிக்கவேண்டாம், அந்த மனிதருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுங்கள் என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஆட்டைத் திவசம். ஐயர் வந்து அவசரம் அவசரமாகச் செய்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார். துஷியும் மருமகனும் வந்தார்கள். சமைத்தது முழுக்க இவருக்குப் பிடித்தது: கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, முருங்கையிலை வறை, பாயாசம். வாழையிலையில் படைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியில் நின்றோம். நான் கொஞ்சம் கூடுதலாக நின்றேன்.

கனடாவிலிருந்து ஒரு பூனைக்குட்டியும் எடுக்கவில்லை. ஞானத்தின் மனைவி யாருக்கோ சொன்னாளாம், மனிசன் போனபிறகு அண்ணிக்கு மண்டை பிசகிவிட்டது என்று. அந்த ஆள் இன்னொருவருக்குச் சொல்ல, கதை என்னிடம் வந்தது. லண்டனில் தபால் பிந்தினாலும் புதினம் பிந்தாது.

கருவேலங்குளத்தில் ஞாயிற்றுக்கிழமையும் பார்க்காமல் சனம் திரண்டு வந்து திறப்புவிழா வைத்ததாம். புதுக் கட்டடம் என்றால் பால் காய்ச்சவேண்டும் என்று தாய்மார் பிடிவாதம். கக்கூசுக்கு முன்னால் மூன்று கல் வைத்துப் பால் காய்ச்சினார்கள். நான் வீடியோவில் பார்த்தேன். ரிபன் வெட்டினது படிப்பை நிறுத்திவிட்டு நின்ற மூன்று பேரில் ஒருத்தி. திரும்பி வந்துவிட்டாளாம். மற்றவளும் இந்தக் கிழமை வருகிறாளாம். மூன்றாமவளுக்குக் கலியாணம் பேசிவிட்டார்கள். அதைக் கேட்டதும் எனக்குப் பாயாசம் இறங்கவில்லை. போன வருசமே கட்டியிருக்கலாம். அதற்கு முந்தின வருசமும் கட்டியிருக்கலாம்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

அதிசயம். நகைக்கடைக்காரர் எடுத்தார். ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று கட்டலாமா, அப்பாவின் பெயரில் என்று கேட்டார். மணிக்கூட்டுக் கோபுரம் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. குலவீரசிங்கம் அண்ணைக்கு நாலு கதவென்றால் தங்களுக்கு ஆறு கதவு வேண்டுமாம், உள்ளே வெள்ளை மாபிளும் ஒட்டவேண்டுமாம்.

ஆறு என்ன, பத்துப் போடுங்கோ என்றேன்.

ஓகஸ்ட் 27, செவ்வாய்

நல்லூர்த் திருவிழாவுக்கு ஞானம் ஊருக்குப் போயிருக்கிறார். அது முடிந்ததும் கருவேலங்குளத்துக்குப் போகப்போகிறாராம், கூடவே ஒரு பெயின்ற்காரரையும் கூட்டிக்கொண்டு. அண்ணையின் பெயரை அழித்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்று ரொறன்ரோவில் சபதம் போட்டிருக்கிறார். துஷிக்கு அங்கிருந்து ஒருத்தி சொல்லியிருக்கிறாள்.

அழித்தால் அழிக்கட்டும் என்று பெரிய தைரியமாகச் சொல்லிவிட்டேன். தைரியம் போனை வைக்கும் மட்டும்தான் இருந்தது. பெயர் போனால் அது பழையபடி ஒருவருடையதும் இல்லாத கக்கூசு. இரண்டு மாரிக்குள் கதவு போய்விடும். அதைவிட, இவருடைய பெயரை இவருடைய தம்பியே சுரண்டி எடுக்கிறதைக் கேட்டுக்கொண்டு நான் இந்த வீட்டில் எப்படி இருப்பேன்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஒரு வளைவோடு போயிருக்கும்.

ஜெயகௌரி ரீச்சருக்கு ஒரு சொல் சொல்லிவைத்தேன். வரட்டும் அன்ரி என்றார். குரலில் ஏதோ ஒளிப்பது போல இருந்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். என்ன ரீச்சர் என்றால், ஒண்டுமில்லை அன்ரி, பிள்ளையளின்ர விளையாட்டு என்று கதையை மாற்றிவிடுகிறார்.

செப்டெம்பர் 4, புதன்

விடிய எழும்பித் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருக்கப் போன் அடித்தது. ஞானம். ஏப்ரலுக்குப் பிறகு முதல் தரம். வீடியோவில் ஆள் வியர்த்துப்போய் நின்றார். பின்னால் நீல நிறத்தில் நாலு கதவு. ஐயோ, அழிக்கிறதை எனக்குக் காட்டவே எடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

அண்ணி என்றார். போனை வாங்கி ஜெயகௌரி ரீச்சர்தான் சொன்னார், என்னிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு.

கக்கூசுக்குப் போகவேண்டும் என்று வகுப்பில் எழும்பிச் சொல்லப் பெண்பிள்ளைகளுக்கு வெட்கம். முன்பு அதற்காகவே கேட்காமல் அடக்கிக்கொண்டு இருப்பார்கள். இப்போது சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறதல்லவா? குலவீரசிங்கம் என்பது சின்னதுகளின் வாய்க்குள் அடங்கவில்லை. மரியாதையும் விடக்கூடாது. ஆகவே சிங்கத்தார் ஆக்கிவிட்டார்கள். 'ரீச்சர், சிங்கத்தாரிட்ட போட்டு வாறன்.' திறந்த முதல் கிழமையே தொடங்கிவிட்டதாம். எனக்குத் தெரிந்தால் மனம் நோகும் என்று ரீச்சர் ஒளித்திருக்கிறார். அதட்டியும் பார்த்தாராம். ஆனால் இப்போது ஆசிரியைமாரும் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

ஞானம் போய் இறங்கினது முதலாம் பாடவேளை. பெயின்ற்காரர் ஏணியை வைத்திருக்கிறார். அப்போது ஒரு வாண்டு, முதலாம் வகுப்பு, பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஏணிக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறது: "தள்ளுங்கோ மாமா, நான் சிங்கத்தாரிட்ட அவசரமாப் போகோணும்."

எந்தச் சிங்கத்தார் என்று இவர் கேட்டிருக்கிறார். அது சுவரில் இருந்த படத்தைக் காட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதாம்.

ஞானம் போனை வாங்கினார். "அண்ணி, நான் ஒரு மணித்தியாலம் இந்த மரத்துக்குக் கீழ இருந்தனான். அண்ணையை எத்தினை பிள்ளையள் கூப்பிட்டுதுகள் எண்டு தெரியுமோ? ஒண்டும் பகிடிக்குச் சொல்லேல்லை அண்ணி. சொந்த மாமன் வீட்டுக்குப் போற மாதிரிச் சொல்லிப்போட்டுப் போகுதுகள்." பிறகு, "அண்ணை நல்லாக் கஷ்டப்பட்டவரோ கடைசியில?" என்று கேட்டார்.

கஷ்டப்பட்டார், சிரிக்கவும் சிரித்தார் என்றேன். அந்தத் தபால் கதையையும் சொன்னேன். அங்கே நின்று அறுபது வயது மனிசன் ஏங்கி ஏங்கி அழுதார். சுற்றிவர நின்ற பிள்ளைகள் வெளிநாட்டு மாமா ஏன் அழுகிறார் என்று ஒன்றையொன்று பார்த்தன. ஒன்று தண்ணீர் கொண்டுவந்து நீட்டியது. இங்கே நானும் அழுதேன். சிரிப்பும் நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை, விசரி மாதிரி இருந்தேன். மேடைக்கும் கொடிக்கம்பத்துக்கும் போட்ட அமரர்களை யார் தேடுகிறார்கள்? என் மனிசனைத் தேடி வகுப்புக்கு வகுப்பு ஓடிவருகிறார்கள்.

கொண்டுபோன பெயின்ற் வாளிகளை ஜெயகௌரி ரீச்சர் பறித்து வைத்துவிட்டாராம். நகைக்கடைக்காரரின் ஆறு கதவுக்கு உதவுமாம்.

பின்னேரம் துஷி எடுத்தாள். தைக்கு எனக்கு ஊருக்கு ஒரு டிக்கெட் போட்டுத் தா என்றேன். ஏனம்மா திடீரென்று, அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"எனக்கும் ஒருக்காச் சிங்கத்தாரிட்ட போட்டு வரவேணும்" என்றேன்.